ஸ்ப்ரே கேனில் இருக்கும் பெயிண்டை இறக்கி ஏர்பிரஷ்ஷில் அடிப்பது வெட்டி வேலையா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: "பிளாஸ்டிக் மாடலுக்கு வாங்கிய ஸ்ப்ரே கேனில் இருந்து பெயிண்டை ஜாரில் இறக்கி ஏர்பிரஷ்ஷில் போட்டு அடிக்கலாமா? நண்பர் ஒருவர் அது ஆபத்து, கஞ்சத்தனம், வெட்டி வேலை என்கிறார்."

உங்கள் நண்பர் கார் மாடல் மட்டும் செய்பவராக இருக்கும் என்று நினைக்கிறேன். 1/24 கார் பாடிக்கு, அதாவது நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ள பாடிக்கு, பளபளவென்று ஒரே நிறம் அடிக்க வேண்டுமென்றால் கேனை நேராகப் பிடித்து அடிப்பதுதான் சரி, அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் உங்களிடம் ஏர்பிரஷ்ஷும் (பேனா மாதிரி பிடித்துக் காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் கருவி) அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரும் இருக்கிறது, கையில் இருக்கும் நிறம் கேனில் மட்டும்தான் இருக்கிறது என்றால், கையைக் கட்டிக்கொண்டு ஏன் உட்கார வேண்டும்? கஞ்சத்தனம் என்று சொல்பவர்கள் ஒரு கேனின் விலையைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

நான் இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் என் பெரியப்பா. விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மிக்-21 விமானங்களுக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததுமே, "எனக்கு ஒண்ணு செஞ்சு குடுடா, ஆனா பழசு, வெள்ளியா இருக்குமே அது" என்று கேட்டார். அவர் சொன்னது எஃப்.எல். ரகம், டைப் 77 என்பார்கள், அது 2013 டிசம்பரிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. பெயிண்ட் அடிக்காத வெறும் உலோகத் தகட்டோடு பறந்த விமானம்.

என்னிடம் இருந்தது ஜப்பானிய மாடல் கம்பெனி தமியாவின் ஏ.எஸ்.-12, வெறும் உலோக வெள்ளி நிறம், 100 மி.லி. கேன். நல்ல பெயிண்ட்தான். ஆனால் கேனிலிருந்து நேராக அடித்தால் 1/48 அளவு மிக்-21 முழுக்க ஒரே வெள்ளியாக எவர்சில்வர் டம்ளர் மாதிரி நிற்கும். பெரியப்பாவிடம் போட்டோ காட்டியபோதே சொல்லிவிட்டார்: "எல்லாத் தகடும் ஒரே மாதிரி மின்னாதுடா. பின்னாடி எஞ்சின் பக்கம் சூட்டுல நிறமே மாறி இருக்கும்." இதைக் கேனால் செய்ய முடியாது. கேனில் நிறத்தைக் கலக்க முடியாது, காற்றின் வேகத்தைக் குறைக்க முடியாது, விரல் நகம் அளவு இடத்துக்கு அடிக்க முடியாது. அதனால்தான் இறக்கினேன்.

இப்போது செய்முறை. கேனை நன்றாக, கை வலிக்கும் வரை குலுக்குங்கள், உலோக நிறம் என்றால் இன்னும் கொஞ்ச நேரம், துகள் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். பிறகு கேனைக் கொஞ்ச நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து பெயிண்ட் நிதானமாக வரும். ஜூஸ் டப்பாவோடு வரும் ஸ்ட்ராவைக் கேன் மூக்கில் மாஸ்கிங் டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். கண்ணாடி ஜாரின் வாயை அலுமினியம் ஃபாயிலால் மூடி, ஒரு ஓட்டை போட்டு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, நுனி ஜாரின் உட்சுவரில் படும்படி வைத்து விட்டு விட்டு அழுத்துங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ஃபாயில் பக்கமாகத் தெறிக்கும். பார்ட்டிக்கு வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் கப் வேண்டவே வேண்டாம், இந்தக் கேனில் இருப்பது லாக்கர், அதாவது காரமான தின்னரில் கரைத்த, சீக்கிரம் காயும் பெயிண்ட், அது பட்டால் கப் இளகிவிடும்.

இறக்கியதும் ஜாரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். சென்னையில் என்றால் வெளிப்பக்கம் வியர்த்து நீர் வழியும். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் வம்பு, உடனே துடைத்துவிடுங்கள். பெயிண்ட் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி அசையாமல் கிடக்கும். இதை நம்பி உடனே ஏர்பிரஷ்ஷில் ஊற்றுபவர்கள்தான் பிறகு வந்து "வேலைக்கு ஆகாது" என்று எழுதுகிறார்கள். ஒரு பல் குச்சியை விட்டு மெதுவாகத் தொடுங்கள், சர்ரென்று நுரைத்து ஜாரின் கழுத்து வரை ஏறும். கேனுக்குள் பெயிண்டைத் தள்ளுகிற வாயு வெறுமனே மேலே நிற்பதில்லை, அழுத்தத்தில் திரவமாகிப் பெயிண்டோடேயே கலந்திருக்கிறது. பொதுவாக டைமெத்தில் ஈதர், புரோப்பேன், பியூட்டேன் வகையறா. டைமெத்தில் ஈதரின் கொதிநிலையே மைனஸ் 24 டிகிரிதான், பிறகு நம் ஊர் வெயிலில் அது எப்படிச் சும்மா இருக்கும்? மெல்ல வெளியேறத்தான் செய்யும், நாம்தான் அவசரப்படக் கூடாது. ஃபாயிலில் ஊசியால் சில துளை போட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். மூடியை மட்டும் இறுக்காதீர்கள். காலையில் கிளறிப் பாருங்கள், ஒரு குமிழி வந்தாலும் இன்னும் காத்திருங்கள்.

ஆபத்து பற்றி: உண்டு, மறுக்கவில்லை. அந்த வாயு தீப்பிடிக்கும், அதில் பெரும்பகுதி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பூஜை விளக்கு, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு இருக்கும் பக்கம் இந்த வேலையே கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் திறந்த ஜாரை வைக்காதீர்கள், உள்ளே தெர்மோஸ்டாட்டில் பொறி வரலாம். மொட்டைமாடியோ காற்றோட்டமான பால்கனியோதான் சரி. கேனில் ஆணி அடித்து ஓட்டை போடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்களுக்கு ஆயுசு கெட்டி, உங்களுக்கு வேண்டாம். என்95 மாஸ்க் தூசிக்குத்தான், தின்னர் ஆவிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும்.

மொட்டைமாடி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்தில் என் பெயரைப் போடாமல் ஆனால் எனக்கென்றே ஒரு சுற்றறிக்கை வந்தது, "மாடியில் ரசாயன வாசனை". அதே மாசம் சங்கமே வைத்த ஆள் கேட்டுக்கும் கைப்பிடிக்கும் எனாமல் அடித்து, மாடிப்படி முழுக்க டர்பன்டைன் நாறியது, அதற்குச் சுற்றறிக்கை இல்லை. கொசுப்புகை வண்டி வந்து வீட்டுக்குள் மூச்சு முட்ட அடித்துவிட்டுப் போனால் நன்றி சொல்கிறார்கள். நாற்பது வயது ஆள் பொம்மைக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் இவர்களுக்குப் பிரச்சினை, வாசனை இல்லை. சரி, விடுங்கள்.

வாயு போனபின் பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாகும். லாக்கர் தின்னர், முடிந்தால் லெவலிங் தின்னர், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள், எனக்கு 0.3 மி.மீ. ஏர்பிரஷ் முனையில், காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் நன்றாக வருகிறது. அளவு எழுதுங்கள் என்று கேட்காதீர்கள், கேனுக்குக் கேன் மாறும். மழைக்காலத்தில் மட்டும் கவனம், ஈரப்பதம் ஏறிய நாளில் லாக்கர் அடித்தால் மேலே வெண்மையாகப் பூத்துவிடும். மெதுவாகக் காயும் தின்னர் அதற்கு ஓரளவு உதவும், இன்னொரு நாள் அடிப்பது அதைவிட நல்லது.

மிக்-21க்கு முழுதாக ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, மீதியை இரண்டு சின்னக் குப்பியில் பிரித்து, ஒன்றில் கறுப்பு லாக்கர் ஒரு சொட்டு, இன்னொன்றில் பழுப்பும் துளி நீலமும் கலந்தேன். தகடு தகடாக மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தேன், லாக்கர் நன்றாகக் காய்ந்திருந்ததால் டேப்போடு எதுவும் உரிந்து வரவில்லை. பெரியப்பா வாலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "டயர் ரொம்பப் புதுசா இருக்குடா" என்றார். அவரிடம் இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

இத்தனை எழுதியும் "தமியாவே எல்.பி. என்று சின்னக் குப்பியில் லாக்கர் விற்கிறதே" என்று ஒருவர் வருவார். தெரியும், என்னிடமும் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய நிறம் அதில் கிடைத்தால் தாராளமாக அதையே வாங்குங்கள்.

ஒன்று மட்டும் முதலில் பாருங்கள், உங்கள் கேன் எது என்று எழுதவில்லை. தமியா என்றால் டி.எஸ்., ஏ.எஸ். இரண்டும் மாடல் பிளாஸ்டிக்குக்கானவை, இறக்கலாம். பி.எஸ். என்று போட்டிருந்தால் அது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது, உங்கள் கிட் மேல் அடிக்காதீர்கள். ஹார்ட்வேர் கடை கேன் என்றால் கிட்டின் ஃபிரேமில் மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் துண்டில் அடித்து, காய்ந்தபின் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.