வீட்டில் தட்டு கழுவுகிறேன், கல்லூரியில் பெண்ணியம் பேசுகிறேன்

வணக்கம் மேடம்,

மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் அருப்புக்கோட்டை பக்கம். அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டில்தான். மகளிர் குழுவில் ஊக்குநராக இருக்கிறார். தம்பி பிளஸ் டூ.

போன வருஷம் ஒரு சீனியர் அக்கா கூப்பிட்டு, கல்லூரியில் இருக்கும் பெண்ணியக் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் 12 பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். பையன்கள் விடுதிக்கு ஒன்பதரை, எங்கள் விடுதிக்கு மட்டும் ஆறரைக்கே பூட்டு. அதை மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம். இப்போது பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் 'விசாகா கமிட்டி' என்பார்களே, அந்த உள்ளகப் புகார்க் குழுவுக்கு மாணவர் தேர்தல் வருகிறது. இளங்கலை சார்பில் என்னை நிற்கச் சொல்கிறார்கள்.

எனக்கு உதறலாக இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போனால் தம்பி சாப்பிட்ட தட்டை நான்தான் கழுவுகிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவிடம் 'மேக்ஸ் கிளப்' என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார். குழுவிலும் மற்றவர்கள் எல்லாம் கான்வென்ட்டில் படித்தவர்கள், இங்கிலீஷில் விவாதம் பறக்கும். நான் மினிட்ஸ் எழுதுவேன், டீ சொல்லிவிட்டு வருவேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அப்படியே ஆகிப்போனது. ஒருநாள் பேச வாய் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. நான் போலி என்று சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தேர்தலில் நிற்பதா, குழுவை விட்டே விலகுவதா?

— பெயர் வேண்டாம், மதுரை

அன்புத் தோழிக்கு,

'அம்மா வீட்டில்தான்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் ஊக்குநர் என்கிறீர்கள். அந்த வரியை ரொம்ப வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். கூட்டம் கூட்டுவது, சேமிப்பைக் கணக்குப் பார்ப்பது, யாருக்குக் கடன் என்று எல்லோர் முன்னிலையிலும் முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் ஏற்றுவது, வங்கி மேனேஜரிடம் பேசுவது, தவணை கட்டாதவர் வீட்டு வாசலில் போய் நிற்பது, இதெல்லாம் ஊக்குநரின் வேலை. தர்மபுரியில் 1989-ல் இந்தக் குழுக்கள் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மாவும் வீட்டில் தட்டு கழுவுகிறவர்தானே? அதனால் அவர் ஊக்குநராக இருப்பது போலி என்பீர்களா?

உங்களுக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றுகிறது? திறமை இருந்தும் 'நான் போலி, மாட்டிக்கொள்ளப் போகிறேன்' என்று பயப்படும் மனநிலையை 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் விவரித்தார்கள். அவர்கள் கவனித்தது, நன்றாகச் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை. அதனால் இந்தப் பயம் இருப்பதை வைத்தே உங்களுக்குத் தகுதி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. பழுது முழுக்க உங்கள் மனதில் இல்லை. இங்கிலீஷ் மட்டுமே ஓடும் அறையில் தமிழ் வழியில் படித்து வந்த பெண்ணுக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்யும். பெண்ணியக் குழுவிலேயே டீ சொல்லும் வேலை ஒரே ஆள் தலையில் விழுந்திருப்பதை அந்த 11 பேரும் இதுவரை கவனிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை இதை அங்கேயே பேசுங்கள். "மினிட்ஸும் டீயும் இனி முறைவைத்துச் செய்யலாம், கூட்டத்தைத் தமிழில் நடத்தலாம்." இவ்வளவுதான். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த சீனியர் அக்காவிடம் முதலில் சொல்லுங்கள். சரி என்று ஏற்றுக்கொண்டால் அங்கே இருக்கலாம். முகம் சுளித்தால், விலகுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

தேர்தலுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைப்படி, மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார்களில் இளங்கலை, முதுகலை, ஆய்வு மாணவர்கள் என்று மூன்று பேர், தேர்ந்தெடுக்கப்பட்டு, இந்தக் குழுவில் உட்கார வேண்டும். தலைமை மூத்த பேராசிரியை ஒருவர். வெளியிலிருந்தும் ஒரு உறுப்பினர் இருப்பார். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். மேடைப்பேச்சுக்கு இங்கே வேலையே இல்லை. பொறுமையாகக் கேட்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடி குறிக்க வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது. முதல் இரண்டும் உங்களுக்குக் கைவந்தவை.

மூன்றாவதுதான் பாரம். ராத்திரி விடுதி அறைக்குத் திரும்பும்போது கேட்டதெல்லாம் நெஞ்சில் நிற்கும், ரூம் மேட்டிடம்கூடச் சொல்ல முடியாது. புகார் உங்களுக்குப் பிடித்த ஒரு சார் மீதோ, கூடப் படிக்கும் நண்பன் மீதோ வந்தால் என்ன செய்வீர்கள்? செமஸ்டர் நேரத்தில் வந்தால்? நிற்பதா வேண்டாமா என்பதை இந்தக் கேள்விகளை வைத்து முடிவு செய்யுங்கள். தம்பியின் தட்டு அதில் வர வேண்டியதில்லை.

அந்தத் தட்டையும் விட்டுவிடச் சொல்லவில்லை. லெக்சர் எதுவும் வேண்டாம், "உன் தட்டை நீ எடுடா" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். உடனே எழுந்துவிட மாட்டான். என் தம்பி நாற்பது வயதில்தான் கற்றுக்கொண்டான்.

அப்பா விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். படிப்பை நிறுத்துவேன் என்று அவர் எப்போதாவது சொன்னாரா, நீங்களாக நினைத்துக்கொண்டதா? சொல்லியிருந்தால் டிகிரிதான் முக்கியம், அவசரப்பட்டு எதையும் அவரிடம் உடைக்க வேண்டாம். நிலைமை கைமீறினால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. நீங்களாக நினைத்துக்கொண்டதுதான் என்றால் அம்மாவிலிருந்து தொடங்குங்கள். 'பெண்ணியம்' என்ற வார்த்தையில் ஆரம்பிக்காதீர்கள். "புள்ளைகளுக்குத் தொந்தரவு வந்தா விசாரிக்கிற கமிட்டிம்மா, சட்டப்படி எல்லா காலேஜிலும் இருக்கணும், அதுல மாணவர்கள் சார்பா என்னை நிக்கச் சொல்றாங்க" என்று சொன்னால் அவருக்குப் புரியும். மேக்ஸ் கிளப் பொய்யை அப்பாவிடம் எப்படி, எப்போது திருத்துவது என்பது உங்களைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

வேட்புமனுவின் கடைசி நாளுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். முதன்முதலாகக் குழுவில் எழுந்து பேசியபோது அவருக்கும் தொண்டை அடைத்ததா என்று கேளுங்கள்.