அண்ணிக்குப் பதில் நான் பேசலாமா?

வணக்கம் சார்,

என் அண்ணன் மகளுக்கு இரண்டரை வயது. இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. 'உங்க அண்ணனே லேட்டாத்தான் நடந்தான்' என்று அம்மா சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் போய்விட்டது. இப்போது அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அண்ணிக்கு வாயடைத்துவிடுகிறது. 'நீயே சொல்லு' என்று என்னைப் பார்க்கிறார். அவருக்காக நான் பேசுவது சரியா? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் இப்படித் துணைக்குப் போய்ச் சொதப்பியவன்தான். நண்பரின் மனைவி, மூன்று வயதுப் பையன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். 'கூப்பிட்டா திரும்ப மாட்டான் டாக்டர்' என்றேன். காதுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே டீ குடிக்கும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: 'அண்ணா, பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சா மட்டும் அடுத்த ரூம்லேர்ந்து ஓடி வர்றானே.' டாக்டருக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டியதே அதுதான். (காதுப் பரிசோதனை எப்படியும் செய்யவேண்டியது, அது வேறு.) அதை அறிந்த ஒரே ஆள் பேசுவதற்கு நான் இடம் விடவில்லை.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அண்ணியிடம் கொடுங்கள். குழந்தை எதைப் பிடித்து எழுகிறாள், எந்தக் கை முதலில் நீள்கிறது, சோறு விழுங்கும்போது புரையேறுகிறதா, போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறாள் என்று தேதி போட்டு எழுதட்டும். செல்போனில் அரை நிமிட வீடியோக்களும் எடுத்துவையுங்கள். புது இடத்தில் அழுகிற பிள்ளை டாக்டர் முன்னால் எதையும் செய்து காட்டாது. அண்ணி திணறினால், 'அண்ணி, அந்தப் புரையேறுற விஷயம்' என்று எடுத்துக்கொடுங்கள். வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். எங்கே புரியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும். கூச்சப்படாமல் திரும்பப் போய்க் கேட்கலாம்.

முதலில் போகவேண்டிய இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம், அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து பயிற்சி தரும் இடம். பெரும்பாலும் பெரிய அரசு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கும். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் வந்தது இது. (இந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆர்.பி.எஸ்.கே. என்றாலே புரியும்.) அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை பால்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். உங்கள் குழந்தையின் பெயர் பால்வாடிப் பதிவேட்டில் இருக்கிறதா?

அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் அது வந்தபிறகு பயிற்சி என்று காத்திருக்காதீர்கள். இன்னொரு விஷயம், ஐந்து வயதுக்குள் அறிவுத்திறன் குறைபாடு என்று சான்றிதழில் எழுதமாட்டார்கள், வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுவார்கள். 'பாத்தியா, தாமதம்தானாம்' என்று உங்கள் அம்மா நிம்மதியாகிவிடப் போகிறார். பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2000 ரூபாயானது. அது எல்லோருக்கும் கிடைப்பதல்ல, பாதிப்பின் அளவைப் பொறுத்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மூளை வேகமாக வளர்கிற காலமோ அதற்கு முந்தியது. அந்த ஆறு வருடமும் தாய்மார்கள் பஸ்ஸில்தான் கழிக்கிறார்கள். வேலையை விட்டவர்கள் எத்தனையோ பேர். 25-ஆவது பிரிவு குழந்தைகளை வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

பஸ் என்றதும் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி நினைவுக்கு வருகிறது. 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் அங்கே சுற்றுக் கிராமங்களில் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள். எல்லா ஊரிலும் இது கிடைக்காது. ஆனால் 'தினமும் கூட்டிட்டு வாம்மா' என்று யாராவது சொன்னால், குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளும் உரிமை அண்ணிக்கு உண்டு. அதை அவரே கேட்கட்டும். மறுத்தால் மட்டும் நீங்கள் வாயைத் திறங்கள்.

கடிதத்தில் அம்மா வருகிறார், அண்ணி வருகிறார், நீங்கள் வருகிறீர்கள். அண்ணன் எங்கே? அடுத்த முறை குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு வரட்டுமே.