ஆக் ஸ்கிரிப்டில் சோதித்தாலே அர்ரே பெருகுவது ஏன்?

ஆக் (AWK) என்ற நிரல்மொழியில் எழுதிய திருப்பூர் நூல் இருப்புக் கணக்கில், 'இருப்பு' என்ற அர்ரேயில் (பெயர் சொல்லி மதிப்பை எடுக்கும் பட்டியல்) சோமனூர், பல்லடம், அவிநாசி மூன்றைத்தான் ஏற்றினேன், காங்கேயம் இருக்கிறதா என்று இஃப் (if) போட்டுச் சோதித்ததும் காங்கேயமும் சேர்ந்துவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சோதனைதான் காரணம். ஆக்கில், அர்ரேயில் இல்லாத உறுப்பைப் பெயர் சொல்லித் தொட்டாலே அது வெற்று மதிப்போடு உருவாகிவிடும். இருப்பு["காங்கேயம்"] == "" என்று கேட்டதே காங்கேயத்துக்கு ஒரு பக்கம் திறந்த மாதிரிதான். அப்புறம் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்பில் (for loop) அதுவும் வரும். வெற்று மதிப்பு கூட்டலில் 0 என்பதால் மொத்தம் மாறாது. அதனாலேயே பிழை கண்ணில் படாது. எண்ணிக்கையும் சராசரியும்தான் கெடும்.

அதற்குப் பதிலாக "காங்கேயம்" இன் (in) இருப்பு என்று கேளுங்கள். 'இன்' எதையும் உருவாக்காது.

பெர்ல் (Perl) என்ற நிரல்மொழி இன்னும் குசும்பு. இருக்கிறதா என்று கேட்கும் எக்ஸிஸ்ட்ஸ் (exists) போட்டு உள்ளடுக்கைச் சோதித்தாலும், இரண்டடுக்கு ஹேஷில் (அங்கே இத்தகைய அர்ரேக்குப் பெயர்) இல்லாத மேலடுக்கு முளைத்துவிடும். அங்கே மேலடுக்கை முதலில் தனியாகச் சோதித்துவிட்டு உள்ளே போங்கள்.