வடகோடியில் வெளிச்சம் தாராளம், மண்ணுக்குத்தான் சூடு போதாது

கேள்வி: கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், மெக்கன்சி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் ஆசிரியையாக இருக்கிறேன். இங்கே டெனே மக்கள்தான் பெரும்பான்மை. கோடையில் சரக்குப் படகு, குளிர்காலத்தில் பனிச்சாலை (உறைந்த நிலத்திலும் ஆற்றிலும் போடும் தற்காலிகச் சாலை), மற்ற நாள்களில் விமானம் மட்டுமே. 2024இல் ஆற்றில் தண்ணீர் குறைந்து படகு வராமல் போனதிலிருந்து, சொந்தமாகக் காய்கறி பயிரிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவருகிறார்கள். பள்ளியின் பக்கத்தில் இடமும் கொடுத்தார்கள். போன கோடையில் ஸ்பினாச், கொத்தமல்லி, முள்ளங்கி விதைத்தோம். சாண் உயரம் வருவதற்குள் பூத்துவிட்டன. டொரன்டோவிலிருந்து கொண்டுவந்த சின்ன வெங்காயம் நாலு இலை விட்டதோடு சுண்டிப்போனது. கடையில் வாங்கி நட்ட உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்தது. கோஸ் நாற்று ஊதா நிறமாகி அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஒரு நிறுவனம் கன்டெய்னர் பண்ணை (மின்விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் சரக்குப் பெட்டி) வாங்கச் சொல்கிறது. கோழி வளர்க்கலாமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதிய எல்லாத் தோல்விக்கும் காரணம் தெளிவாகவே இருக்கிறது, எல்லாமே சரிசெய்யக் கூடியவை. உங்கள் பகுதியில் விவசாயம் புதிதும் அல்ல. மெக்கன்சிக் கரையில் அந்தக்காலத்து மிஷன்களும் வணிகச் சாவடிகளும் உருளைக்கிழங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கின்றன. அதே கரையில் உள்ள நார்மன் வெல்ஸ் ஊரில் திறந்த நிலத்திலேயே விற்பனைக்கு உருளை விளைவித்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வடக்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஜூன் மாதம் உங்களுக்கு 21 மணி நேரத்துக்கு மேல் வெயில். அலாஸ்காவின் பால்மர் சந்தையில் 2012இல் 62 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு முட்டைக்கோஸ் உலக சாதனை படைத்தது என்றால், அதற்கு அந்த நீண்ட பகலும் ஒரு காரணம். உங்களிடம் குறைவாக இருப்பது மண்ணின் சூடு. காற்று 20 டிகிரியில் இதமாக இருக்கும். ஒரு சாண் ஆழத்தில் மண் 6, 7 டிகிரியில் கிடக்கும். இலைக்குக் கோடை, வேருக்குக் குளிர்காலம். உங்கள் கோஸ் ஊதாவானது இதனால்தான். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்க முடியாமல் திணறும்போது இலை அப்படி நிறம் மாறும். அதற்கு மேல் எவ்வளவு உரம் போட்டாலும் மண் சூடாகும் வரை பயன் இல்லை.

ஆகவே இடத் தேர்வில் இருந்து தொடங்குவோம். கொடுத்த இடம் பள்ளிக்குப் பக்கம் என்பதற்காக அதையே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாசி மெத்தையும் குட்டையான கருப்பு ஸ்புரூஸ் மரங்களும் இருக்கும் இடத்தில் கீழே உறைமண், அதாவது கோடையிலும் உருகாமல் உறைந்தே கிடக்கும் மண், அருகிலேயே இருக்கும். மேலே உள்ள பாசியை வழித்தெடுத்தால் அந்த உறைமண் உருகி, நிலமே குழிந்துபோகும், தோட்டம் குட்டையாகிவிடும். ஆஸ்பென், வெள்ளை ஸ்புரூஸ் நிற்கும் தெற்குச் சரிவுகளில் மண் சூடாகவும் நீர் வடிவதாகவும் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் தடையில்லாமல் இறங்கினால் நல்ல இடம். பாதியிலேயே பாறை போலத் தடுத்தால், கல் இல்லை என்றால், அது உறைமண். வசந்தத்தில் பனி முதலில் உருகும் இடம் எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த மண் ஆய்வும் அதைவிட நன்றாகச் சொல்லாது. நிலம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உண்டு. பழைய எண்ணெய்த் தொட்டி இருந்த இடம், ஜெனரேட்டர் கொட்டகை ஓரம், பழைய படகுத்துறை மேடுகள் வேண்டாம். கிரேட் பேர் ஏரிக்கரையில் இருந்த போர்ட் ரேடியம் சுரங்கத்தின் யுரேனியத் தாது ஒரு காலத்தில் கிரேட் பேர் ஆறும் மெக்கன்சியும் வழியாகத்தான் தெற்கே போனது. ஏற்றி இறக்கிய துறைகளில் தாது சிந்தி, பிறகு துப்புரவு செய்ய வேண்டி வந்தது. பிள்ளைகள் சாப்பிடப்போகும் காய் என்பதால் இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது.

சரி, மண்ணை எப்படிச் சூடாக்குவது? ஏப்ரலிலேயே பாத்தி மேல் கிடக்கும் பனியை வாரித் தள்ளிவிடுங்கள். முடியாவிட்டால் கறுப்பு மண்ணைப் பனி மேல் மெல்லத் தூவினாலும் வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகும். பாத்தியை 25 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தரையோடு தரையாக இருக்கும் பாத்தி கீழிருந்து குளிரை வாங்கிக்கொண்டே இருக்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே நிறமில்லாத பாலித்தீன் ஷீட்டால் இறுக்கி மூடுங்கள், ஓரத்தில் மண் போட்டு அடையுங்கள். கறுப்பு ஷீட் களையை அடக்கும், ஆனால் மண்ணுக்குச் சூடு தருவதில் நிறமில்லாத ஷீட்தான் மேல். நட்ட பிறகு வளைந்த கம்பிகளின் மேல் மெல்லிய வெள்ளைத் துணிப்போர்வை போட்டால் ஜூன் மாத உறைபனியிலிருந்தும் காக்கும், கோஸின் வேரைத் தின்னும் ஈப்புழுவையும் தடுக்கும். அந்த ஈ ஜூனில்தான் முட்டையிடும். முள்ளங்கி, டர்னிப், கோஸ் எல்லாவற்றுக்கும் அது பெரிய எதிரி.

தண்ணீரையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பனி நாடு என்றதும் ஈரத்துக்குக் குறைவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் உங்கள் பகுதியில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான். ஜூன் மாதம் காய்ந்துபோகும். ஆற்றுத் தண்ணீரை நேராகப் பாய்ச்சினால், பாடுபட்டுச் சூடாக்கிய மண் ஒரே நாளில் குளிர்ந்துவிடும். 200 லிட்டர் டிரம்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் வையுங்கள். காலையில் நிரப்பி, மறுநாள் ஊற்றுங்கள். டிரம்மில் முன்பு எண்ணெயோ ரசாயனமோ இருந்திருக்கக் கூடாது.

உரத்துக்கு மீன் கழிவு அருமையான பொருள். ஆனால் திறந்த குவியலாகப் போட்டாலும், பாத்தியில் மேலாகப் புதைத்தாலும் கரடி வரும், நாய்களும் கிளறும். மூடிய தொட்டியில் மரத்தூளோடு கலந்து மக்க வையுங்கள், சுற்றிலும் மின்வேலி போடுங்கள். மரச்சாம்பலை மட்டும் மண் ஆய்வு பார்க்காமல் கொட்டாதீர்கள். மெக்கன்சி வண்டல் பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்தது; சாம்பல் போட்டால் காரம் இன்னும் ஏறி, உருளைக்கிழங்கின் தோலில் சொறி விழும்.

இப்போது பயிர். ஸ்பினாச்சும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் நீண்ட பகலைக் கண்டால் பூவெடுக்கும் பயிர்கள். 14 மணி நேரப் பகலுக்கே ஸ்பினாச் தண்டு நீட்டிவிடும். 21 மணி நேரத்தில் என்ன செய்யும்? அதில் உங்கள் கைப்பிழை எதுவும் இல்லை. அதற்குப் பதில் சுவிஸ் சார்ட், கேல் போடுங்கள். இரண்டும் முதல் ஆண்டில் இலையைத்தான் தரும், கோடை முழுக்க ஒடித்து எடுக்கலாம். நம் வீட்டுக் கீரைச் சுண்டலுக்கும் பருப்புக்கும் இரண்டுமே பொருந்தும். கொத்தமல்லியை ஆகஸ்ட் தொடக்கத்தில், பகல் குறையத் தொடங்கியதும் துணிப்போர்வைக்குள் விதைத்துப் பாருங்கள்.

சின்ன வெங்காயத்தின் கதை வேறு. நம் ஊர் வெங்காயங்கள் 12 மணி நேரப் பகலுக்குப் பழகியவை. அதைவிட நீண்ட பகல் கண்டதும், செடி வளரும் முன்பே குமிழ் கட்ட ஆரம்பித்துவிடும். அதனால்தான் நாலு இலையோடு நின்றது. இலங்கை வெங்காயமோ தமிழ்நாட்டு வெங்காயமோ அங்கே சரிவராது. நீண்ட பகலுக்கென்றே உள்ள ரக விதையை பிப்ரவரி கடைசியில் வகுப்பறை ஜன்னலோரம் விளக்கு வைத்து முளைக்கவிட்டு, நல்ல தடித்த நாற்றாக ஜூனில் நடுங்கள்.

உருளைக்கிழங்குக்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரைக் காப்பாற்றப்போகும் பயிர் அதுதான். கடைக்கிழங்கை நட்டதுதான் முதல் கோளாறு. கடைக்கு வரும் கிழங்கில் முளைக்காமல் இருக்க மருந்து அடித்திருப்பார்கள். அது என்ன ரகம் என்பதும் தெரியாது. காலம் நீண்ட ரகங்கள் நீண்ட பகலில் கிழங்கு கட்டாமல் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். கிழங்கு கட்டத் தொடங்கும்போது உறைபனி வந்துவிடும். உங்களுக்கு உறைபனி இல்லாத நாள் சுமார் 90தான். ஆகவே நார்லாண்ட், வார்பா போன்ற குறுகிய கால ரகங்களில், சான்று பெற்ற விதைக்கிழங்கு வாங்குங்கள். மே முதல் வாரத்தில் முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி, 12 டிகிரி அளவில் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் விரல் நுனி அளவுக்குக் கட்டையான, பச்சையும் ஊதாவும் கலந்த முளை வரும். இருட்டில் வரும் வெள்ளை முளை வேண்டாம், தொட்டால் ஒடிந்துவிடும். இந்த முன்முளைப்பு உங்களுக்கு இரண்டு வாரம் சம்பாதித்துக் கொடுக்கும். அங்கே இரண்டு வாரம் என்றால் பாதி விளைச்சல்.

ஒரு சாண் ஆழத்தில் மண் 8 டிகிரி வந்ததும், ஏறக்குறைய மே கடைசியில், உயர்ந்த பாரில் (நீள மண் மேட்டில்) ஆழமில்லாமல் நடுங்கள். செடி ஒரு சாண் வந்ததும் மண் அணையுங்கள், இன்னொரு முறையும் அணையுங்கள். கவனித்துச் செய்தால் 100 சதுர மீட்டரில் 200 கிலோ எதிர்பார்க்கலாம். கூடவே கேரட், பீட்ரூட், ருடபேகா (டர்னிப் போன்ற கிழங்கு), கோஸ், பட்டாணி. இவை எல்லாம் குளிரைத் தாங்குபவை. பட்டாணியைத் தவிர மற்றவை குளிர்காலத்துக்குச் சேமிக்கவும் தக்கவை.

சேமிப்பு என்றதும் பலர் நிலத்தில் பள்ளம் தோண்டி அறை கட்ட நினைக்கிறார்கள். உறைமண்ணில் அது ஆபத்து, சுவர் இளகிச் சரியும். பள்ளிக் கட்டடத்தின் ஒரு மூலையில் வெப்பக்காப்பு அட்டை வைத்து அடைத்த சிறு அறை போதும். உருளைக்கு 4 டிகிரி, நல்ல ஈரப்பதம், முழு இருட்டு. அதைவிடக் குளிர்ந்தால் கிழங்கில் இனிப்பு ஏறும். கேரட்டை ஈர மணலில் புதைத்து, உறையாமல், அதைவிடவும் குளிர்ந்த மூலையில் வையுங்கள். எவ்வளவு விளைகிறது என்பதைவிட, பிப்ரவரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையே கணக்காக வையுங்கள்.

கன்டெய்னர் பண்ணை பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: உங்கள் ஊருக்கு இப்போது வேண்டாம். அதில் ஒரு கிலோ லெட்யூஸ் வளர்க்க விளக்குக்கும் சூட்டுக்கும் சேர்த்துப் பத்து யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். உங்கள் மின்சாரம் டீசலில் வருகிறது. டீசல் படகிலும் பனிச்சாலையிலும் வருகிறது. படகு வராவிட்டால் சாப்பாடு வேண்டும் என்று தொடங்கி, படகையே நம்பும் பண்ணையில் போய் முடியும். கிடைக்கும் உணவோ ஒரு கிலோவுக்குச் சுமார் 150 கலோரி. ஒரு கிலோ உருளையில் அதைப்போல ஐந்து மடங்கு உண்டு, வைட்டமின் சி-யும் உண்டு. ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சிலில் இப்படி ஒரு கன்டெய்னரில் கீரை வளர்க்கிறார்கள், நன்றாகவே நடக்கிறது. 2017 வெள்ளத்தில் ரயில் பாதை அறுந்தபோது அதன் அருமை தெரிந்தது. ஆனால் அந்த ஊருக்கு நீர்மின்சாரம் இருக்கிறது. உங்களுக்கு மின்சாரம் வரும் வழி மாறும்போது இதைப் பற்றி மறுபடி பேசலாம்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு நல்ல பசுமைக்குடில் கட்டலாம். இனுவிக்கில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்தையே 1998இல் சமூகப் பசுமைக்குடிலாக மாற்றத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பாத்தி வைத்துத் தக்காளி முதல் எல்லாம் பயிரிடுகிறார்கள். மிளகாய், தக்காளி, வெள்ளரி, நம் தண்டுக்கீரை ஆகியவற்றை உள்ளே வையுங்கள். வடக்கே குடிலில் செடியைக் கெடுப்பது குளிரைவிடச் சூடுதான்: நள்ளிரவு வரை வெயில் அடிக்கும்போது 35 டிகிரியைத் தாண்டிப் பூ உதிரும். கூரையில் திறக்கும் ஜன்னல் கட்டாயம். உள்ளே தேனீ வராது, பூத்த தக்காளிக் கொத்தைத் தினமும் மெல்லத் தட்டிவிடப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

கோழி வேண்டுமானால் கோடைக்கு மட்டும் ஐந்தாறு வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் வெப்பக்காப்புக் கூடு, விளக்கு, உறையாத தண்ணீர் எல்லாம் தேவை. கொண்டை உறைந்து கருகும். தீவனமும் படகில்தான் வர வேண்டும். ஊருக்குப் புரதம் தருவது மூஸ், கரிபு என்னும் காட்டு மான்களும் ஆற்று மீனும்தான். உங்கள் தோட்டம் அந்த உணவுக்குத் துணையாக நிற்கட்டும், அதை மாற்ற வேண்டியதில்லை.

இந்த ஆண்டு ஒரு 100 சதுர மீட்டர் உருளையும், நாலு உயர்பாத்தியும் மட்டும் போடுங்கள். விதைக்கிழங்கு ஏற்பாட்டை ஜனவரியிலேயே பேசி முடித்துவிடுங்கள். பனிச்சாலை மார்ச் கடைசி வாக்கில் மூடத் தொடங்கும். சாதாரண லாரியில் வந்தால் கிழங்கு வழியிலேயே உறைந்து வீணாகும், சூடேற்றிய வண்டியா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வந்ததும் 4 டிகிரியில் வைத்து, மே வரை காத்திருங்கள். மண் ஆய்வு முடிவு கைக்கு வந்தால் எனக்கு அனுப்புங்கள், மணிச்சத்து எவ்வளவு போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.