‘பிள்ளை மல்லாந்து இருக்கு’ன்னு சொல்லிட்டாங்களா? பினாங்கு தாய்மார்களின் கேள்விகளும் பதில்களும்

36 வாரம், ஜெலுத்தோங்: ஸ்கேன் பண்ண டாக்டர், தலை கீழதான் இருக்கு, ஆனா முதுகோட முதுகா இருக்குன்னு சொல்லி பிங்க் புக்ல (கர்ப்பிணிப் பதிவுப் புத்தகத்துல) எழுதிட்டாரு. அப்போ ஆபரேஷன்தானா அக்கா?

இல்லம்மா. தலை கீழே வந்துவிட்டது, அதுதான் முக்கியம். பிள்ளையின் பிடரி உங்கள் முதுகெலும்புப் பக்கமும் முகம் உங்கள் தொப்புள் பக்கமும் இருக்கிறது. இதைத்தான் மல்லாந்து இருக்கு என்கிறார்கள், அவ்வளவுதான். கால் கீழே, தலை மேலே இருக்கும் பிள்ளையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு, அதற்கான வைத்தியமும் வேறு.

வலி தொடங்கும் நேரத்தில் 100 பிள்ளைகளில் 15 முதல் 30 வரை இப்படித்தான் இருக்கும். பிறக்கும்போதும் இப்படியே இருப்பது 5 அளவுதான். மற்றவை வலியின் போக்கிலேயே திரும்பிவிடும். கர்ப்பப்பையின் வாய் முழுதாகத் திறந்து, தலை இடுப்பின் அடித்தசையில் வந்து முட்டிய பிறகுகூடப் பல பிள்ளைகள் திரும்பும். 36 வார ஸ்கேன் அன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். இதை மட்டும் காரணமாக வைத்து ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க மாட்டார்கள்.

கஷ்டம் எங்கே என்றால், இந்த நிலையில் பிள்ளை தாடையை நெஞ்சோடு சேர்த்து மடக்குவது குறைவு. நன்றாக மடக்கிய தலை சுமார் 9.5 சென்டி அளவில் இறங்கும். மடக்காத தலை 11.5 சென்டி வரை போகும். நேரம் கூடுவதும் இடுப்பு வலி கூடுவதும் அதனால்தான்.

34 வாரம், பாயான் லெப்பாஸ்: பேக்டரியில 12 மணி நேர ஷிப்டு, வீட்டுக்கு வந்தா சோபாவுல சாஞ்சிடுவேன். அதனாலதான் பிள்ளை திரும்பிக்கிச்சுன்னு மாமியார் சொல்றாங்க.

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. இடுப்பெலும்பின் அமைப்பும், நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பையின் முன்சுவரில் ஒட்டியிருப்பதும் இதோடு தொடர்புள்ளவை. இரண்டும் நம் கையில் இல்லை. சாய்ந்து உட்கார்ந்து முதுகு வலித்தால் மாற்றி உட்காருங்கள். முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருந்தால் முதுகுக்குச் சுகம். பெரிய உடற்பயிற்சிப் பந்து வாங்குவதாக இருந்தால், 160 சென்டிக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு 55 சென்டி பந்து, அதற்கு மேல் 65. தூங்கும்போது ஒருக்களித்துப் படுங்கள்.

37 வாரம், ஆயர் ஈத்தாம்: கைமுட்டி போட்டு தவழுற மாதிரி நின்னா திரும்பிடுமாமே? தரையைத் துடைக்கச் சொல்றாங்க.

சிட்னியில் 2,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2004இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் 37 வாரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 10 நிமிடம், கைமுட்டி ஊன்றி இடுப்பை அசைத்தார்கள். பிறக்கும்போது பிள்ளையின் நிலையில் வித்தியாசம் வரவில்லை. ஆகவே திருப்புவதற்காக இதைச் செய்ய வேண்டாம். முதுகின் பாரம் இறங்கிச் சுகமாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மணிக்கட்டு வலித்தால் கையை மடக்கித் தலையணைமேல் சாயுங்கள். வலி வந்த பிறகு இதே நிலைதான் பலருக்குப் பெரிய ஆறுதல் தரும், அதனால் இப்போதே உடம்புக்குப் பழக்கிவைப்பது நல்லது. தரையைத் துடைக்க வேறு ஆள் இருக்கட்டும்.

38 வாரம், பட்டர்வொர்த்: பக்கத்து வீட்டு மக்சிக் ஊருட் பண்ணி (வயித்த நீவிவிட்டு) பிள்ளையத் திருப்பிடலாம்னு சொல்றாங்க. ரும்புட் பாத்திமா மூலிகை ஊறவச்ச தண்ணியும் குடிக்கச் சொல்றாங்க.

இரண்டும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். வயிற்றை அழுத்தித் திருப்பப் பார்த்தால் நஞ்சு கர்ப்பப்பையிலிருந்து பிய்ந்து உள்ளே ரத்தம் கொட்டலாம், பிள்ளைக்கு மூச்சு நின்றுபோகலாம். கால், தோள், கீழ்முதுகு இவற்றை இதமாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். வயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. ரும்புட் பாத்திமா தண்ணீர் கர்ப்பப்பையை இடைவெளி இல்லாமல் இறுக்கிவிடலாம். எவ்வளவு குடித்தால் எவ்வளவு வேலை செய்யும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால் லேபர் ரூமில் மறைக்காமல் சொல்லுங்கள். வலி வரவைக்கும் மருந்தை அதற்கேற்பத்தான் கொடுப்பார்கள். விளக்கெண்ணெயும் வேண்டாம், வயிற்றுப்போக்கு வந்து இருக்கும் தெம்பும் போய்விடும்.

39 வாரம், பிறை: ரெண்டு நாளா வலி வருது, போகுது. எல்லாமே பின்னாடிதான். இது பொய் வலியா? எப்போ கிளம்பணும்? நான் பதிஞ்சிருக்கிறது தீவுல.

பிள்ளை இந்த நிலையில் இருந்தால் ஆரம்ப வலி விட்டுவிட்டு நீண்ட நேரம் இழுப்பது வழக்கம்தான். பொய் வலி என்று சொல்லி மனத்தை உடைக்க வேண்டாம். வாய் மெலிவதற்கான வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். வலி முதுகில் மட்டும் தெரிவதால் நேரம் குறிப்பது கஷ்டம். உள்ளங்கையை வயிற்றின் மேல்பக்கம், விலா எலும்புக்குக் கீழே வையுங்கள். வயிறு நெற்றியைத் தொட்டது போலக் கெட்டியாகும்போது மணியைப் பாருங்கள், இளகும்போது மறுபடி பாருங்கள்.

முதல் பிள்ளை என்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவு, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். இரண்டாவது பிள்ளை என்றால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். நீங்கள் பாலம் கடக்க வேண்டியவர். வேலை விடும் நேர ஜேமையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே புறப்படுங்கள். அதுவரை பகலில் கொஞ்சம் நடங்கள். ராத்திரி கட்டாயம் படுங்கள், தூக்கம் வராவிட்டாலும் படுங்கள். கஞ்சி, மைலோ, ரொட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள், நிறைந்த மூத்திரப்பை தலையை இறங்க விடாது.

சில விஷயங்களுக்குக் கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டும். பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம். ரத்தம் போனாலும், பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும், அசைவு அட்டவணையில் காலை 9 முதல் இரவு 9க்குள் 10 வராவிட்டாலும் போங்கள். அந்த நேரத்தில் பதிவு எங்கே என்று பார்க்க வேண்டாம், செபராங் ஜெயா மருத்துவமனைதான் உங்களுக்குப் பக்கம். தண்ணீர் உடைந்தபின் கீழே கயிறு போல ஏதாவது தட்டுப்பட்டால், முட்டி போட்டுத் தலையைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிய நிலையில் 999ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கணவர், புக்கிட் மெர்தாஜாம்: நான் கூட இருந்து என்ன செய்ய முடியும்? சும்மா முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா எரிச்சல் படறாங்க.

தடவக் கூடாது தம்பி, அழுத்த வேண்டும். மனைவி நாற்காலியின் முதுகையோ கட்டிலையோ பிடித்து முன்னால் குனியட்டும். இடுப்புக்குக் கீழே முதுகில் இரண்டு சிறு குழிகள் தெரியும். அவற்றுக்கு நடுவே, கொஞ்சம் கீழே உள்ள கெட்டியான எலும்பில் உள்ளங்கையின் அடிமேட்டை வையுங்கள். கையை மடக்காமல் உங்கள் உடல் பாரத்தையே சாயுங்கள். வலி தொடங்கும்போதே அழுத்தி, முழுதாக விடும்வரை எடுக்காதீர்கள். பாதியில் எடுத்தால் வலி இரண்டு மடங்காகத் தெரியும். இடம் சரியா என்று வலி விட்ட இடைவெளியில் கேளுங்கள், வலியின் நடுவே கேட்காதீர்கள். தலை இறங்க இறங்க இடமும் கீழே நகரும்.

அது போதவில்லை என்றால் இரண்டு உள்ளங்கைகளையும் பின்பக்கத்தின் இருபுறச் சதையில் வைத்து, உள்ளேயும் மேலேயும் சேர்த்து நெருக்குங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கை வைத்தால் பலன் இல்லை, வலிக்கத்தான் செய்யும். இது கை ஓய்ந்துபோகும் வேலை. மாமியாரோ தங்கையோ வீட்டிலேயே பழகிக்கொண்டால் மாற்றி மாற்றிச் செய்யலாம்.

வெந்நீர்ப் பை வைத்தால் துணி சுற்றி, முதலில் உங்கள் முன்கையில் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு சூடு வைக்கவே கூடாது, தோல் வெந்தாலும் தெரியாது. லேபர் ரூமுக்குள் துணையை விடுவது ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு மாதிரி. அடுத்த செக்கப்பிலேயே மிஸியிடம் (தாதியிடம்) கேட்டுவிடுங்கள். தனியார் துறையில் ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால் தந்தையர் விடுப்பு 7 நாள் உண்டு, பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பே தகவல் கொடுக்க வேண்டும்.

37 வாரம், ஜார்ஜ் டவுன்: வலி தாங்க முடியலன்னா என்ன கேக்கலாம்? ஊசி போட்டா பிள்ளை திரும்பாதுன்னு சொல்றாங்களே.

மூச்சில் இழுக்கும் கேஸ் கேளுங்கள். வலி உச்சத்துக்கு வந்தபின் இழுத்தால் பயன் இல்லை. அது வேலை செய்ய அரை நிமிடம் ஆகும், எனவே வலி தொடங்கும்போதே மூச்சை இழுக்க வேண்டும். பெத்தடின் ஊசி மயக்கமும் குமட்டலும் தரும். பிரசவத்துக்கு மிக அருகில் போட்டால் பிள்ளையும் சோர்ந்து பிறக்கலாம். ஆரம்பத்தில் கொஞ்சம் கண் அயர அது உதவும்.

முதுகு வலிக்கென்றே ஒரு முறை இருக்கிறது. கீழ்முதுகில் நான்கு இடத்தில், தோலுக்குள் 0.1 மில்லி அளவு கிருமி நீக்கிய வெறும் தண்ணீரை ஊசியால் ஏற்றுவார்கள். அரை நிமிடம் நெருப்பாக எரியும். பிறகு பலருக்கு இரண்டு மணி நேரம் வரை முதுகு வலி தணியும். மருந்து எதுவும் இல்லாததால் பிள்ளைக்குப் பாதிப்பில்லை. எல்லா இடத்திலும் செய்வதில்லை, முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

முதுகில் மரத்துப்போகப் போடும் எபிடூரல் ஊசி போட்டவர்களில் பிறக்கும்போதும் இதே நிலையில் உள்ள பிள்ளைகள் அதிகம்தான். அடித்தசை தளர்வது ஒரு காரணமாகலாம். வலி அதிகமாக இருப்பவர்களே அதைக் கேட்கிறார்கள் என்பதும் உண்டு. ஆனால் ஒரு நாள் முழுக்கத் தூங்காமல் துவண்டுபோன உடம்புக்கு அது தரும் ஓய்வு பெரிது. கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம். போட்ட பிறகு மல்லாந்து படுக்காமல், முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து, மணிக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

38 வாரம், நிபோங் தெபால்: வாய் 7 சென்டிதான், முக்காதேன்னு திட்டுனாங்க, ஆனா அடக்க முடியலன்னு என் அக்கா சொன்னா. அப்படி வந்தா என்ன செய்யறது?

பிள்ளையின் பிடரி மலக்குடலை அழுத்துவதால் முக்க வேண்டும் என்ற உந்துதல் சீக்கிரமே வந்துவிடும். வாய் முழுதாகத் திறக்காமல் முக்கினால் அதன் முன்விளிம்பு தலைக்கும் எலும்புக்கும் நடுவே சிக்கி வீங்கும், பிறகு இன்னும் தாமதம். நெஞ்சைக் கட்டிலில் படியவைத்து பின்பக்கத்தை உயர்த்துங்கள், அல்லது ஒருக்களித்துப் படுங்கள். வாயால் ஃபூ, ஃபூ என்று சின்னச் சின்னதாக ஊதுங்கள், ஊதும்போது முக்க வராது. கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் மிஸியைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் அதற்குள் முழுதாகத் திறந்திருக்கும்.

39 வாரம், தஞ்சோங் தொக்கோங்: கடைசி வரைக்கும் திரும்பலன்னா?

சில பிள்ளைகள் முகம் மேலே பார்த்தபடியே பிறக்கும். முக்குவதற்கு நேரம் கூடும், ஆழமாகக் கிழியும் வாய்ப்பும் கூடுதல். அதனால் தலை வரும்போது மிஸி மெதுவாக என்றால் மெதுவாக விடுங்கள். கர்ப்பப்பையின் சுருக்கம் தளர்ந்துவிட்டால் டிரிப்பில் மருந்து ஏற்றுவார்கள். வாய் முழுதாகத் திறந்தபின் டாக்டர் கையாலேயே தலையைத் திருப்பப் பார்க்கலாம், அல்லது தலையில் கிண்ணம் ஒட்டி இழுக்கும் வேக்கம் வைக்கலாம். தலை இறங்கவே இல்லை, அல்லது பிள்ளையின் இதயத்துடிப்பு சரியில்லை என்றால் ஆபரேஷன். அப்போது ‘ஏன், இப்போது வேறு வழி உண்டா, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிரசவமாகி 6 நாள், ஜெலுத்தோங்: பிள்ளை தலை நீண்டு கூம்பா இருக்கு. எனக்கு வால் எலும்பு வலி, உட்கார முடியல.

தலை வடிவம் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். கையால் அமுக்கி உருட்ட வேண்டாம். குளிப்பாட்ட வரும் பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். உங்களுக்கு, ஒருக்களித்துப் படுத்தே பால் கொடுங்கள். உட்காரும்போது வால் எலும்பு அந்தரத்தில் நிற்கும்படி இரண்டு தொடைக்கும் கீழே சுருட்டிய துண்டு வையுங்கள். பாராசிட்டமால் பால் கொடுக்கும் தாய் சாப்பிடலாம். மலச்சிக்கல் வரவிடாதீர்கள், பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, சிறுநீர் அடக்க முடியாமை, கால் மரத்துப்போதல் இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டுக்கு வரும் மிஸிக்காகக் காத்திருக்காமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.