ரயிலைத் தவறவிடவா ஓடினான்?

கேள்வி: ‘ஹீ ரஷ்டு டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் த டிரெயின் ஹேட் லெஃப்ட்’ என்று ஆங்கில நாளிதழில் படித்தேன். ‘ரயில் போய்விட்டதைக் கண்டுபிடிப்பதற்காக மட்டுமே அவன் ஓடினான்’ என்றுதான் பொருள் வருகிறது. விளையாட்டுப் பக்கத்தில் ‘அப்செட்’ என்று தலைப்பு. உள்ளே வருத்தப்பட்டவர் எவரும் இல்லை. இப்படி எழுதுகிறவர்களுக்கு மூளை இருக்கிறதா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: இருக்கிறது. ‘ஒன்லி’ என்றால் ‘மட்டும்’, ‘டு’ என்றால் ‘அதற்காக’ என்று கூட்டிக் கணக்கை முடித்துவிட்டீர்கள். ரயிலைத் தவறவிடுவதற்காக எவனாவது மூச்சிரைக்க ஓடுவானா என்று மட்டும் யோசிக்கவில்லை.

நோக்கத்தைச் சொல்லும் உருவத்தில், நோக்கத்துக்கு நேர்மாறாக முடிந்ததைச் சொல்வது ஆங்கிலத்தின் குறும்பு. நாம் எப்படிச் சொல்வோம்? ‘விழுந்தடித்து ஓடிப் போய்ப் பார்த்தால், ரயில் போய்விட்டது.’ இந்தப் ‘பார்த்தால்’ என்ன கணக்கு? ‘மழை பெய்தால் வரமாட்டேன்’ என்பதைப் போல நிபந்தனையா? அவன் பார்க்காமல் இருந்திருந்தால் ரயில் நின்றிருக்குமா? ஏமாற்றத்தைச் சொல்ல நாம் நிபந்தனையை இரவல் வாங்குகிறோம். அவர்கள் நோக்கத்தை வாங்குகிறார்கள். நம்முடையது பழகிவிட்டதால் உறுத்தவில்லை.

எங்கள் தொழிலிலேயே பெயர்பெற்ற உதாரணம் உண்டு. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் முடிவு வருவதற்கு முன்பே ‘ட்ரூமனை டூயி வென்றார்’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்தது ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’. வென்றவர் ட்ரூமன். அந்த இதழையே தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி படத்துக்கு நின்றார். இதை ‘ஒன்லி டு’ போட்டு எழுதினால், உங்கள் கணக்குப்படி, ட்ரூமன் வெல்வதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பத்திரிகை அப்படி அச்சடித்தது என்றாகும். அவ்வளவு தியாக உள்ளம் எந்த ஆசிரியருக்கும் கிடையாது.

நேர்ப்பொருளிலும் ‘ஒன்லி டு’ வரும். அம்மாவைப் பார்க்க மட்டுமே ஊருக்குப் போனான் என்பதுபோல. எது எது என்று பிரிக்க இலக்கணப் புத்தகம் வேண்டாம். பின்னால் வருவது, போனவன் விரும்பியதா, அவன் தலையில் வந்து விழுந்ததா? அதைப் பாருங்கள்.

‘டர்ன் அவுட்’, ‘எண்ட் அப்’ இரண்டையும் ‘முடிவில்’ என்ற ஒரே சாக்கில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமியார் திருடன் என்று பிறகு தெரியவந்தால் முன்னது. அவன் முதலிலிருந்தே திருடன்தான். டாக்டராக நினைத்தவர் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஹோட்டல் முதலாளி ஆனால் பின்னது.

‘அப்செட்’டுக்கு வருவோம். விளையாட்டில் அது, ஜெயிக்கமாட்டான் என்று எல்லோரும் நினைத்தவன் பலசாலியைக் கவிழ்ப்பது. 1919 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்துச் சரடோகா பந்தயத்தில் மேன் ஓ வார் என்ற குதிரை தோற்றது. ஓடிய 21 பந்தயங்களில் அது தோற்றது அந்த ஒன்றில்தான். வென்ற குதிரையின் பெயரே அப்செட்! சொல் அங்கேதான் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குதிரை பிறப்பதற்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகள் அந்தப் பொருளில் எழுதிக்கொண்டிருந்தன.