வரிப் பக்கம்: 15 விழுக்காடு எதன் மேல்?

கேள்வி: ஐயா, வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் மசாலா அரவை ஆலை நடத்துகிறோம். சிறிய செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) நிறுவனம். வழக்கமான மூலதனக் கழிவெல்லாம் (இயந்திரம் போன்றவற்றின் விலையை ஆண்டுதோறும் கழிப்பது) போக ஆண்டு வருமானம் ஏறக்குறைய 100,000 ரிங்கிட். ஆராய்ச்சிக்கும் மின்சிக்கனத்துக்கும் வரிச்சலுகை வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் வந்தார். 200,000 ரிங்கிட்டுக்குப் புது மோட்டார்களும் கம்ப்ரஸ்ஸரும் வாங்கப் போகிறோம். அதற்கு ‘கீத்தா’ சலுகை உண்டாம். புது மீன்குழம்புத் தூளுக்குச் செலவழித்த 40,000-ஐ இரட்டைக் கழிவில் போடலாமாம். மின்சார ஆய்வுக்கு அவர் கேட்கும் 8,000-ஐயும் அதிலேயே சேர்க்கலாம் என்கிறார். ‘பெற்றுத்தரும் சலுகைத் தொகையில் 15 விழுக்காடு’ கட்டணம். புதுச் சட்டப்படி ஆய்வு கட்டாயம் என்றும் சொல்கிறார். கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அம்மா. அவர் சொன்ன சலுகைகள் உண்மைதான். இடிப்பது அந்தக் கட்டணக் கணக்கு.

கீத்தா என்பது பசுமை முதலீட்டு வரிச்சலுகை. இப்போதைய திட்டம் 2024 ஜனவரி முதல் 2026 டிசம்பர் வரை. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் மின்சிக்கனப் பொருள்கள் 60 விழுக்காட்டு அடுக்கில் வருகின்றன. அதாவது விலையில் 60 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கழிக்கலாம்: உங்கள் 200,000-க்கு 120,000. ஆனால் ஓராண்டு வருமானத்தில் 70 விழுக்காடு வரைதான் இதைக் கழிக்க முடியும். இந்த ஆண்டு 70,000 கழியும், மீதி 50,000 அடுத்த ஆண்டுக்குப் போகும்.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு முதல் 150,000 ரிங்கிட் வருமானத்துக்கு வரி 15 விழுக்காடு. ஆக 120,000 சலுகையால் உங்கள் கையில் மிஞ்சும் வரி 18,000. அவர் கேட்பது ‘சலுகைத் தொகையில்’ 15 விழுக்காடு, அதாவது 120,000-இல் 15 விழுக்காடு. அதுவும் 18,000! மிச்சமாவது அத்தனையும் அவருக்கு. உங்களுக்கு இரண்டு ஆண்டில் வருவதை அவர் இப்போதே எடுத்துக்கொள்வார். கட்டணம் ‘உண்மையில் மிச்சமான வரியில்’ இத்தனை விழுக்காடு, அதுவும் மிச்சமான பிறகு, என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் மேற்கொண்டு பேசலாம். முகம் மாறினால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரட்டைக் கழிவு 1967 வருமான வரிச் சட்டத்தின் 34ஏ பிரிவு. இரட்டை என்றதும் போட்ட பணம் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். 40,000 செலவுக்கு இன்னொரு 40,000 கழியும், அதில் மிஞ்சும் வரி 6,000. அவ்வளவுதான். அதுவும் எல்லாத் தூளுக்கும் இல்லை. மிளகாயைக் கூட்டி மல்லியைக் குறைத்துப் புது ருசி கொண்டுவந்தால் அது வழக்கமான மாற்றம், ஆராய்ச்சியில் சேராது. தூள் கட்டி தட்டாமல், சிக்கு வாடை வராமல் கூடுதல் மாதங்கள் தாங்க வேண்டும், வழி முன்கூட்டித் தெரியாது, வறுக்கும் சூட்டையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி முறையாகச் சோதித்தீர்கள் என்றால் வாதாட இடமுண்டு. தேதி, எந்தத் தொகுதி, எத்தனை பாகை, எத்தனை நிமிடம், ஏன் கெட்டது என்று எழுதிய நோட்டு இருக்கிறதா? தணிக்கைக்கு வருபவரிடம் பேசுவது அந்தக் கெட்டுப்போன தொகுதிகளின் கணக்குதான். எல்லாமே முதல் தடவையில் சரியாக வந்தது என்று எழுதியிருந்தால் எனக்கே சந்தேகம் வரும்.

8,000 விஷயத்தில் அவர் சறுக்கிவிட்டார். ஆராய்ச்சிக்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே திறன் ஆய்வுகளும் நிர்வாக ஆய்வுகளும் விலக்கப்பட்டுள்ளன. மின்சார ஆய்வை அதற்குள் நுழைக்கச் சொல்பவர் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறார்.

‘கட்டாயம்’ என்பதும் பூச்சாண்டி. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் பயன்படுத்தும் நிறுவனங்களைப் பிடிக்கும். மின்சாரத்தில் சொன்னால் 60 லட்சம் யூனிட். உங்கள் தெனாகா மின்கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள், மாதம் 5 லட்சம் யூனிட் ஓடுகிறதா?

இந்தத் தொழிலில் நல்லவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை பொறியாளர் ஒருவரும் வரி தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்து வருவார்கள். முதலில் மின்கட்டண பில்லையும் சோதனை நோட்டையும் கேட்பார்கள். வாங்கப் போகும் மோட்டார் மாடல் மைஹிஜாவ் என்ற பசுமைப் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்ப்பார்கள். வாங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. வரிப் பாரத்தில் கைவைப்பவர் வருமான வரிச் சட்டத்தின் 153-ஆவது பிரிவின் கீழ் உரிமம் பெற்ற வரி முகவரா என்று கேளுங்கள். கணக்குத் தப்பானால் அபராதக் கடிதம் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் வரும். ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருங்கள்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் உணவகம். ‘எண்டர்பிரைஸ்’ பதிவுதான், செண்டிரியான் பெர்ஹாட் இல்லை. புது ஏர்கோன்களுக்கு எனக்கும் கீத்தா கிடைக்குமா?
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: கிடைக்காது, அது நிறுவனங்களுக்கு. வழக்கமான மூலதனக் கழிவு உங்களுக்கும் உண்டு: முதலாண்டு தொடக்கக் கழிவு 20 விழுக்காடு, அதோடு ஆண்டுதோறும் 14. இதற்காகவே நிறுவனமாக மாறாதீர்கள். நிறுவனமானால் வரும் கணக்காய்வுக் கட்டணம், செயலாளர் கட்டணம் இரண்டையும் விசாரித்துவிட்டு எழுதுங்கள்.